வந்தவரும் இருந்தவரும்
வடுகபட்டி வரலாற்றில் சில ஏடுகள்



யூபிலி மலர் என்றால் கோயில் எழுந்த கதை, கொடிமரம் நாட்டிய கதை, பணியாற்றிச் சென்ற குருக்களின் வரிசை ஆகியவற்றை எழுதுவது வழக்கம். அவை இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. நாம் இங்கே எழுதப் புகுவது கோயில் மதிலுக்கு வெளியே நடந்த கதையாகும். ஊர் இல்லாமல் பங்கு இல்லை. நாம் குடிக்கும் தண்ணீரும் கூலிக்குப் போகும் காடும் சந்தையும் ஊருக்கே உரியவை. ஆகவே நம்மைத் தாங்கும் ஊரின் வரலாற்றை அறிவதும் நன்றியறிதலின் ஒரு பகுதியே.

நாம் இப்பங்கின் பொறுப்பை ஏற்று வந்த புதிதில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறோம். ஒரு நாள் மாலை, நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டுப் பூண்டுக் கடைகள் உள்ள தெரு வழியாக நடந்து வந்தோம். ஒரு கடை வாசலில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் பூண்டின் தாளை அறுத்துக்கொண்டிருந்தார். ஓடி வந்த பேத்தியை நோக்கி, “ரா, கூசோ” என்றார். வா, உட்கார் என்பது பொருள். தெலுங்கைக் கேட்ட நாம், பேச்சுக் கொடுக்கும் ஆவலில், “பாட்டி, உங்களுக்கு எந்த ஊர்? எப்போது இங்கே வந்தீர்கள்?” என்று கேட்டுவிட்டோம். அவர் அறுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே, “சாமி, நீங்கதான் போன ஜூன் மாசம் வந்தீங்க. நாங்க இங்கனேயேதான இருக்கோம்” என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் அறைக்குத் திரும்பி ஜெபப் புத்தகத்தைத் திறந்தபோது அந்த விடை மனத்தை விட்டு அகலவில்லை. வந்தவர் யார், இருந்தவர் யார் என்ற கேள்வியை அன்றிலிருந்து நாம் சுமந்து வருகிறோம். இக்கட்டுரை அக்கேள்விக்கு நாம் தேடிக் கண்ட விடையாகும்.

பெயரில் உள்ள வரலாறு

வடுகபட்டி என்னும் பெயரே இவ்வூர் வரலாற்றின் முதல் ஏடு. வடக்கே உள்ளவர் வடுகர். சங்கப் பாடல்களிலேயே வடுகர் வருகின்றனர். வேங்கட மலைக்கு அப்பால் வாழ்ந்தவர், தமிழருக்கு விளங்காத மொழி பேசியவர், சினம் மிக்க நாய்களை உடன் கொண்டவர் என்றெல்லாம் பழம்புலவர்கள் அவர்களைக் காட்டினர். அந்நாளில் அது தொலைவில் உள்ளவருக்கு இட்ட பெயர். பிற்காலத்தில் அதே பெயர் பெரியகுளத்துக்கு அருகே, வராக நதி பாயும் நாட்டில், ஓர் ஊருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. தொலைவில் இருந்த சொல் நம் வீட்டு வாசலுக்கு வந்த வழியை அறிந்தால் தமிழகத்தின் பாதி வரலாற்றை அறிந்தவராவோம்.

14-ஆம் நூற்றாண்டின் நடுவில் விஜயநகரப் பேரரசு தெற்கே பரவியது. இளவரசர் குமார கம்பணர் படையெடுத்து வந்து மதுரையில் இருந்த சுல்தான்களின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவி கங்காதேவி இவ்வெற்றியை வடமொழியில் ஒரு காவியமாகப் பாடினார். பின்னர் 1529-இல் விசுவநாத நாயக்கர் மதுரையில் நாயக்கர் ஆட்சிக்கு அடிகோலினார். அவருடைய தளவாய் அரியநாத முதலியாரின் துணையோடு நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது என்பது நாம் பள்ளியில் படித்ததே. போடிநாயக்கனூர், கண்டமனூர், தேவாரம், எரசக்கநாயக்கனூர் என நம் பக்கத்துப் பாளையங்களின் பெயர்கள் இன்றும் பேருந்துகளின் நெற்றியில் எழுதப்பட்டுள்ளன.

ஆனால் அரசரும் பாளையக்காரருமே வந்தார்கள் என்று எண்ணுவது தவறு. படைக்குப் பின்னால் ஏர் வந்தது. ஏருக்குப் பின்னால் மாடும், மாட்டுக்குப் பின்னால் பெண்டு பிள்ளைகளும், அவர்களோடு விதைத் தானியமும் குலதெய்வத்தின் பிடிமண்ணும் வந்தன. கம்பளத்தார், கம்மவார், கவரையர், ரெட்டியார் எனப் பல குலத்தார் பல காலங்களில் வந்தனர். கன்னடம் பேசுவோர் கம்பம், கோம்பைப் பக்கங்களில் குடியேறினர். ஒரே நாளில் ஒரே கூட்டமாக வந்தவர்கள் அல்லர். இருநூறு, முந்நூறு ஆண்டுகள் சிறுகச் சிறுக நடந்து வந்தவர்கள்.

கம்பளத்தார் தம் வருகையைப் பற்றிச் சொல்லும் பழங்கதை ஒன்று உண்டு. தம் பெண்மக்களைக் கேட்டு நெருக்கிய ஓர் அரசனுக்கு அஞ்சி, இரவோடு இரவாக மாடு கன்றுகளுடன் புறப்பட்டார்களாம். வழியில் ஆறு பெருக்கெடுத்து ஓடியது. பின்னால் குதிரைப்படை துரத்தி வந்தது. அப்போது ஆற்றின் இரு கரைகளிலும் நின்ற புங்க மரங்கள் வளைந்து ஒன்றையொன்று தொட்டுப் பாலமாயின. மக்கள் கடந்தபின் மரங்கள் நிமிர்ந்துகொண்டன. ஆகவே புங்க மரத்தை அவர்கள் போற்றி வருகின்றனர். இக்கதையைக் கேட்கும் எந்தக் கிறிஸ்தவனுக்கும் செங்கடல் நினைவுக்கு வராமல் போகாது. அடிமைத்தளையை விட்டு ஓடிய இஸ்ராயேல் மக்களுக்கு வழிவிட்டது கடல். இவர்களுக்கு வழியானது மரம். கதை நடந்ததா என்பது வேறு. தம்மைக் காப்பாற்றிய கடவுளை மறவாதிருக்க ஒரு மக்கள் கூட்டம் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்துள்ளது என்பதே நாம் கருதத் தக்கது.

நம் திருச்சபையும் வடுகரும்

இனி நம் வேதத்தின் வரலாற்றில் வடுகர் இடம் பெற்ற விதத்தைக் காண்போம். முதற் சந்திப்பு இனிமையானதன்று. 1544-ஆம் ஆண்டில் புனித சவேரியார் முத்துக்குளித்துறையில் பணி செய்துகொண்டிருந்தபோது, வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களைச் சூறையாடியது. ஏழைப் பரதவர்கள் கடலில் உள்ள பாறைகளுக்கு ஓடிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு அவர்களைத் தேடிப் புறப்பட்டார். அந்நாளில் அவர் எழுதிய கடிதங்களில் வடுகர் என்ற சொல் அச்சத்தோடும் துயரத்தோடும் வருகின்றது. ஆக, தமிழ்க் கத்தோலிக்கரின் காதில் அச்சொல் முதலில் குதிரைக் குளம்பொலியாகவே விழுந்தது.

62 ஆண்டுகள் கழிந்தன. 1606-இல் தத்துவபோதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி மதுரை வந்து சேர்ந்தார். ஆண்டவர்கள் நாயக்கர்கள், அரண்மனை மொழி தெலுங்கு. அவர் தமிழோடு தெலுங்கையும் வடமொழியையும் கற்றார். அவருக்கு வடமொழி கற்பித்த சிவதர்மர் தெலுங்கு பேசிய பிராமணர். பகைவரின் மொழி என்று ஒதுக்காமல், அயலாரின் மொழி என்று எண்ணி அவர் கற்றதே மதுரை மிஷனின் தொடக்கத்துக்கு உதவியது. சவேரியாருக்கு அச்சமூட்டிய சொல், நொபிலி அடிகளுக்குப் பாடமாயிற்று.

இன்னும் ஒன்று சொல்வோம். நம் முன்னோர் புனித பேதுருவை இராயப்பர் என்றும், புனித பவுலைச் சின்னப்பர் என்றும் அழைத்தனர். நம் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் இப்பெயர்களை இன்றும் காணலாம். பேதுரு என்றால் பாறை. தெலுங்கில் ராயி என்றால் கல். பவுல் என்றால் சிறியவர். சின்ன என்ற சொல் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொது. கல்லப்பர் என்று நாம் சொல்லவில்லை, இராயப்பர் என்றோம். திருச்சபையின் அடிக்கல்லான திருத்தூதரின் பெயரிலேயே அயலாரின் மொழி ஒலிக்கும்போது, அதை எப்படி அந்நியம் என்போம்?

நீரும் நிலமும்

வந்தவரை ஊராராக்கியது அரசாணை அன்று, உழவே. கொடைக்கானல் மலைச்சரிவில் பிறந்து பெரியகுளத்தின் ஊடே ஓடி வைகையில் சேர்வது வராக நதி. அந்நதியையும், கண்மாய்களையும், வெட்டிய கிணறுகளையும் நம்பியே இப்பக்கத்து வேளாண்மை நடந்து வந்தது. நெல், கரும்பு, வாழை, வெங்காயம், பருத்தி, கம்பு, சோளம் ஆகியவை நிலத்துக்கும் நீருக்கும் ஏற்ப விளைந்தன.

மின்சாரம் வருமுன் கிணற்றுப் பாசனம் என்பது கமலைதான். விடிவெள்ளி முளைக்கும் முன் எருதுகளைப் பூட்டுவார்கள். எருதுகள் சரிவில் இறங்க, வடத்தின் மேல் ஆள் உட்கார்ந்து பாரம் கொடுக்க, கிணற்றிலிருந்து நீர் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். பின்னர் எருதுகள் பின்னோக்கி ஏறும். இப்படி நூறு முறை, இருநூறு முறை. வாய்க்காலின் மறுமுனையில் மடை மாற்றிவிடும் பெண், நீர் நிறைந்ததும் குரல் கொடுப்பாள். உருளையின் கிறீச்சொலியும், எருதுக்காரரின் பாட்டும், மடையில் நிற்பவளின் குரலும் கலந்ததே அந்நாளைய விடியற்காலம். கமலையில் உட்கார்ந்தவர் தெலுங்கில் பாடியிருக்கலாம். மடையில் நின்றவள் தமிழில் பதில் சொல்லியிருக்கலாம். தண்ணீர் இரண்டு மொழியையும் கேட்டுக்கொண்டு ஒரே வயலுக்குத்தான் பாய்ந்தது.

மேற்கே கம்பம் பள்ளத்தாக்கின் கதை வேறு. மேற்கு நோக்கிக் கடலில் கலந்த பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் அணை 1887-இல் தொடங்கி, கர்னல் பென்னிகுவிக் மேற்பார்வையில் கட்டப்பட்டு, 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதனால் கம்பம் பள்ளத்தாக்கு இருபோக நெல் நாடாயிற்று. அங்கே விளையும் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தத் திராட்சையை 1832-இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குரு என்று சொல்லப்படுகிறது. திராட்சையும் வந்ததுதான், வந்த கொடி வேர் பிடித்தது.

நீரால் வாழ்ந்தவர்கள் இருப்பதுபோல் நீரால் இழந்தவர்களும் உண்டு. வைகை அணையை 1959 ஜனவரி 21 அன்று முதலமைச்சர் காமராசர் திறந்து வைத்தார். அணையின் நீர் தேங்கிய இடத்தில் இருந்த சிற்றூர்கள் மூழ்கின. அவ்வூர் மக்கள் தட்டுமுட்டுச் சாமான்களையும் கோழிகளையும் ஆடுகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நாலா பக்கமும் சிதறினர். அவர்களுள் சில குடும்பங்கள் வடுகபட்டிக்கு வந்தன. மேட்டூர் என்னும் சிற்றூரில் பிறந்து, சிறு பிள்ளையாகக் குடும்பத்தோடு இங்கு வந்து வளர்ந்தவரே கவிஞர் வைரமுத்து. மூழ்கிய மண்ணின் துயரைச் சொல்லும் அவருடைய ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ என்னும் நூல், 2003-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி பரிசைப் பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு காலத்தில் மொழி தெரியாமல் வந்து இறங்கியவர்களின் பெயரால் அமைந்த ஊர், பல தலைமுறைக்குப் பின், நிலம் இழந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இடம் கொடுத்தது. வந்தவர் இருந்தவரானார், இருந்தவர் புதிதாக வந்தவரை ஏற்றார். ஊர் என்பது இப்படித்தான் உருவாகின்றது.

விளையாத பூண்டுக்குப் பேர்பெற்ற ஊர்

வடுகபட்டி என்றால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது வெள்ளைப்பூண்டுச் சந்தை. வெளியூரார் இங்கே வயல் வயலாகப் பூண்டு விளைவதாக எண்ணுவதுண்டு. பூண்டு குளிர் நாட்டுப் பயிர். அது விளைவது மேலே கொடைக்கானல் மலையில், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி முதலான மேல்மலை ஊர்களில். விற்பனையாவது கீழே, இங்கே. நீலகிரிப் பூண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதுபோல், கொடைக்கானல் பூண்டு வடுகபட்டிக்கு இறங்குகின்றது.

அது இங்கே இறங்கியதற்கு மலைப்பாதையே காரணம் என்று கருத இடமுண்டு. வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை அமையுமுன் கொடைக்கானலுக்கு ஏறும் பழைய பாதை பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து தொடங்கியது. பொதி மாடுகளும் மட்டக்குதிரைகளும் தலைச்சுமையாட்களும் அவ்வழியே ஏறி இறங்கினர். 1895-இல் செண்பகனூரில் சேசு சபையார் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கிய காலத்தில் அவர்களும் இம்மலையடிவாரத்திலிருந்தே ஏறவேண்டியிருந்தது. குருமாணவர் மேலே ஏறிய மலையில்தான் பூண்டு கீழே இறங்கியது.

இப்போது லாரிகளில் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. கமிஷன் கடைகளில் கொட்டிக் குவித்து, பருமன் பார்த்துத் தரம் பிரித்து, விலை பேசுகிறார்கள். தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வியாபாரிகள் வருகின்றனர். மத்தியப் பிரதேசம் முதலான வடமாநிலங்களின் பூண்டும் வந்து குவிகின்றது. அதைக் கண்டு மலைப்பூண்டின் தனித்தன்மையை நாம் மறந்துவிடக் கூடாது. மேல்மலை உழவர்கள் பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டி வீட்டுப் பரணில் தொங்கவிட்டு, அடுப்புப் புகை படும்படி வைத்துக் காப்பாற்றுவார்கள். காரமும் மணமும் மிகுந்த அந்தக் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரசவித்த தாய்க்குப் பத்தியச் சமையலில் இப்பூண்டை இட்டுக் கொடுக்கும் வழக்கம் நம் இல்லங்கள் எல்லாவற்றிலும் உண்டு.

சந்தை நாளில் இத்தெருவில் எத்தனை மொழி கேட்கலாம்! கடைக்காரர் வீட்டுக்குள் திரும்பித் தெலுங்கில் சொல்வார். சுமை இறக்குபவரிடம் தமிழில் பேசுவார். கேரளத்து வியாபாரியிடம் மலையாளம் கலந்து விலை சொல்வார். வடநாட்டு லாரி ஓட்டுநரிடம் நாலு சொல் இந்தியும் வரும். பூண்டுக்குத் தெலுங்கில் வெள்ளுள்ளி என்று பெயர். தமிழிலும் உள்ளி என்பது பழைய சொல்லே.

திருவிவிலியத்தில் பூண்டு எங்கே வருகின்றது தெரியுமா? எண்ணிக்கை நூல் 11-ஆம் அதிகாரத்தில். பாலைவனத்தில் அலைந்த மக்கள், எகிப்தில் தாங்கள் உண்ட மீனையும் வெள்ளரியையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள். அவர்கள் முணுமுணுத்ததைக் கண்டிக்கும் பகுதி அது என்று குருமடத்தில் கற்றோம். வடுகபட்டிக்கு வந்தபின் வேறொன்றும் விளங்கியது. விட்டுவந்த ஊரை மனிதன் முதலில் நாக்கால்தான் நினைக்கிறான். உணவும் தாய்மொழியும் குடியிருப்பது ஒரே நாக்கில் அல்லவா?

வீட்டு மொழி

அந்நாக்கின் மொழிக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழி என்று குறித்தவர்கள் சுமார் 42 லட்சம் பேர். நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர். இவர்களில் நம் பக்கத்தவர்க்குத் தெலுங்கு என்பது எழுத்தில்லாத மொழி. படிப்பது, எழுதுவது, கணக்குப் பார்ப்பது, பத்திரம் முடிப்பது, கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பது எல்லாம் தமிழில்தான். அடுப்படியிலும் தொட்டிலடியிலும் மட்டுமே தெலுங்கு. பாட்டி அவ்வா, தகப்பனார் நைனா, தண்ணீர் நீள்ளு. ஆந்திர நாட்டிலிருந்து ஒருவர் வந்து கேட்டால், இது எந்தக் காலத்துத் தெலுங்கு என்று வியப்பார்.

பழைய நாளில் இவ்வில்லங்களின் வாழ்க்கை மற்ற உழவர் வாழ்க்கையிலிருந்து வேறுபட்டதன்று. முன்னே திண்ணை, உள்ளே தானியக் குதிர், பின்னே மாட்டுக்கொட்டம். காலையில் கம்பங்கூழ், விசேஷ நாளில் நெல்லுச்சோறு. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம். இம்மாவட்டத்துக் கம்பளத்தார் ஊர்களில் திருவிழாவிலும் திருமணத்திலும் உறுமி முழங்கத் தேவராட்டம் ஆடுவார்கள். சாமி மாடு என்று நேர்ந்துவிட்ட மாடுகளை ஏரில் பூட்டாமல் பேணுவார்கள். மாட்டை நம்பி வந்தவர்கள் மாட்டை மறக்கவில்லை.

ஆனால் மொழியை மறக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்று பேரப்பிள்ளைகள் அவ்வாவின் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள். தமிழில் பதில் சொல்கிறார்கள். அடுத்த தலைமுறை புரிந்துகொள்ளவும் மாட்டாது. பள்ளியில் தமிழ், வேலைக்கு ஆங்கிலம். இடையில் அடுப்படி மொழிக்கு யார் நேரம் ஒதுக்குவார்? இது இயல்பான மாற்றம்தான் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆயினும் காரணம் அது மட்டும் அன்று. சில பிள்ளைகள் வெட்கத்தால் பேசுவதில்லை. தெருவில் தெலுங்கு பேசினால் கேலி செய்கிறார்கள். வந்தேறி என்ற சொல் மேடையிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து பள்ளி விளையாட்டுத் திடலுக்கும் வந்துவிட்டது. நம் மறைக்கல்விப் பிள்ளைகளின் வாயிலும் அச்சொல்லை நாம் கேட்டோம். கேட்டு வருந்தினோம்.

தமிழை நேசிப்பதற்கு வேறொரு மொழியை ஏளனம் செய்யத் தேவையில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்பலி இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தபோது நாம் எவ்வளவு மகிழ்ந்தோம்! தாய்மொழியில் கடவுளைக் கூப்பிடும் இனிமையை நாம் அறிவோம். அதே இனிமை அயல் வீட்டு அவ்வாவுக்கும் உண்டு. பெந்தெகொஸ்தே நாளில் தூய ஆவியார் எல்லாரையும் ஒரே மொழிக்காரராக மாற்றவில்லை. கூடியிருந்த ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே கேட்டார்கள் என்பதே திருத்தூதர் பணிகள் காட்டும் அற்புதம்.

நம்மையே ஆராய்வோம்

அயலாரைப் பற்றி எழுதிவிட்டு நம்மைப் பற்றிப் பேசாவிட்டால் இக்கட்டுரை அரைகுறையாகும். ஊரின் வரலாறு முழுவதும் இனிமையானதென்று நாம் சொல்லவில்லை. வந்தவர்களுள் சிலர் நிலம் பெற்றனர். ஏற்கனவே இருந்தவர்களுள் பலர் நிலமின்றியே இருந்தனர். இன்றும் நிலமின்றி இருக்கின்றனர். நம் பங்கு மக்களுள் பலர் அவர்கள்தாம். பிறருடைய காட்டில் களை எடுத்து, பிறருடைய கடையில் பூண்டு தரம் பிரித்து, அன்றாடக் கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள். அவர்கள் வேர்வையும் இவ்வூர் வரலாற்றின் ஓர் ஏடு. அது இன்னும் முழுதாய் எழுதப்படவில்லை.

அதேபோல், வெளியாரின் குறையைச் சொல்லுமுன் நம் வீட்டைப் பார்ப்போம். பீடத்தின் முன் ஒன்றாக முழங்காலிடுகிறோம்; ஒரே அப்பத்தை உட்கொள்கிறோம்; வெளியே வந்ததும் தெருத் தெருவாகப் பிரிந்து போகிறோம். யார் முதலில் வந்தவர், யார் பிறகு வந்தவர், யாருக்கு எந்த மரியாதை என்று திருவிழாக் கூட்டத்தில் நாம் வாதாடவில்லையா? சப்பரம் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்பதற்கு மூன்று மணி நேரம் பேசிய பங்கில், வந்தேறி என்ற சொல்லுக்கு மட்டும் எப்படி இடமில்லாமல் போகும்?

யூபிலி என்ற சொல்லின் பொருளை இங்கே நினைப்பது நன்று. யூபிலி என்றால் வெறும் விளக்கலங்காரமும் விருந்தும் அல்ல. லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்தில் ஐம்பதாம் ஆண்டைப் பற்றிய சட்டம் உள்ளது. அவ்வாண்டில் விற்ற நிலம் உரியவனுக்குத் திரும்ப வேண்டும். அடிமை விடுதலை பெற வேண்டும். அதற்குக் கடவுள் கூறும் காரணம் வியப்புக்குரியது. நிலம் தம்முடையது என்கிறார். மக்களாகிய நீங்களோ அதில் அந்நியரும் தற்காலிகக் குடிகளுமே என்கிறார். பட்டாவில் யார் பெயர் இருந்தாலும் சரி, முந்நூறு ஆண்டு முன் வந்தாலும் மூவாயிரம் ஆண்டு முன் வந்தாலும் சரி, ஆண்டவரின் கணக்கில் எல்லாரும் வந்தவர்களே. இருந்தவர் அவர் ஒருவரே.

பூண்டுக் கடை வாசலில் அந்த அம்மையார் சொன்ன விடைக்கு இப்போது நாம் பதில் சொல்ல இயலும். “ஆம் பாட்டி, நாங்கள் போன ஜூனில் வந்தவர்கள். நீங்கள் எங்களுக்கு முன் வந்தவர்கள். உங்களுக்கும் முன்னே இங்கிருந்தவர்கள் உண்டு. எல்லாருக்கும் இடம் கொடுத்த மண் இது.” சில மாதங்களுக்குப் பின் அவரை மீண்டும் கண்டபோது இதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. அவர் ஒரு மணையை நகர்த்திப் போட்டு, “கூசோ சாமி” என்றார். நாமும் உட்கார்ந்தோம். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஊருக்குள் நாம் உண்மையாக வந்து சேர்ந்தது அன்றுதான் என்று எண்ணுகிறோம்.

பங்கு மக்களே, இந்த யூபிலி ஆண்டில் உங்களிடம் இரண்டு காரியங்களைக் கேட்கிறோம். ஒன்று, உங்கள் பிள்ளைகள் யாரையும் வந்தேறி என்று அழைக்க விடாதீர்கள். அச்சொல்லைக் கேட்டால், நம் முன்னோர் எங்கிருந்து எப்படி வந்தார்கள் என்ற கதையை அன்றிரவே அவர்களுக்குச் சொல்லுங்கள். மற்றொன்று, உங்கள் வீட்டிலும் அயல் வீட்டிலும் உள்ள முதியோரிடம் உட்கார்ந்து கேளுங்கள். கமலை ஓட்டிய கதையை, மூழ்கிய ஊரின் கதையை, கூலிக்குப் போன கதையைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தெலுங்கில் சொன்னால் தெலுங்குச் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். அவர்கள் போனபின் கேட்பதற்கு ஆள் இராது.

மலையிலிருந்து இறங்கும் பூண்டும், சரிவில் இறங்கும் வராக நதியும், நெடுந்தொலைவு நடந்து வந்த மக்களும் ஒன்று கூடிய இவ்வூரை எல்லாம் வல்ல இறைவன் ஆசீர்வதிப்பாராக. அவருடைய வீட்டில் யாரும் அந்நியர் அல்லர் என்ற உண்மையை நம் வாழ்வால் காட்டும் அருளை, இந்த யூபிலி ஆண்டில் நமக்குத் தந்தருள்வாராக.